காய்ச்சல் இல்லாமலும் கிருமி வரும்: ஈரல் நோயாளியின் பக்கத்தில் இருப்பவர்களுக்கு



நமது அறக்கட்டளைக்கு வரும் மருத்துவ உதவி மனுக்களில் ‘சிரோசிஸ்’ என்ற சொல் இப்போது அடிக்கடி கண்ணில் படுகிறது. ஈரல் தழும்பேறிச் சுருங்கிப்போகும் நோய் இது. குடிகாரர் நோய் என்று ஊர் பேசுமே எனக் கூச்சப்பட்டு மறைக்கும் குடும்பங்கள் உண்டு. ஹெபடைடிஸ் பி, சி வைரஸ்களாலும், சர்க்கரை நோயோடு சேர்ந்து வரும் கொழுப்பு ஈரலாலும், மதுவைத் தொட்டே பார்க்காதவருக்கும் இது வருகிறது. மறைப்பதால் சிகிச்சைதான் தள்ளிப்போகிறது.

இந்த நோயாளி ஆஸ்பத்திரியில் இருக்கும்போது அதிகம் பயப்பட வேண்டியது கிருமித் தொற்றுக்கு. சேர்க்கப்படுவோரில் ஏறத்தாழ மூன்றில் ஒருவருக்கு, வரும்போதோ வந்தபின்போ, தொற்று இருக்கிறது. நல்ல ஈரல், குடலிலிருந்து இரத்தத்தில் கலந்து வரும் கிருமிகளை வடிகட்டி அழித்துவிடும். சுருங்கிய ஈரலில் இரத்தம் சுற்றுவழியில் போவதால் கிருமிகள் தப்பிவிடுகின்றன. வயிற்றில் தேங்கிய நீரில் அவற்றை எதிர்க்கும் புரதமும் குறைவு. அங்கே போய்ப் பெருகுகின்றன.

காய்ச்சல் அடித்தால்தான் தொற்று என்று இருந்துவிடக் கூடாது. பேச்சு தடுமாறும், பகலில் தூங்கி இரவில் விழித்திருப்பார், சிறுநீர் குறையும், வயிறு இலேசாக வலிக்கும். சிலருக்கு இவ்வளவுதான் தெரியும். டாக்டர் வந்து பார்ப்பது சில நிமிடம். கூடவே இருக்கும் மகனோ மனைவியோதான் முதலில் கவனிப்பார்கள். “அத்தா பேச்சு நேத்து மாதிரி இல்லை” என்பதை அந்த நேரமே நர்ஸிடம் சொல்லுங்கள். விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

அடுத்து, வயிற்று நீரை ஊசியால் எடுத்துச் சோதிப்பது. நம் பக்கத்தில் இதற்குப் பெரும் பயம். “நீர் எடுத்தால் ஆள் தேறமாட்டார்” என்பார்கள். சென்ற வருடம் நமக்குத் தெரிந்த ஒரு குடும்பம் இதைக் கேட்டு இரண்டு நாள் கையெழுத்துப் போடவில்லை. சோதனைக்கு எடுப்பது சிறிதளவு நீர்தான். அதில் ஒரு கன மில்லிமீட்டருக்கு நியூட்ரோஃபில் என்ற வெள்ளை அணுக்கள் 250 அல்லது அதற்கு மேல் இருந்தால், கிருமி எதுவென்று தெரியும் முன்பே ஆன்டிபயாடிக் தொடங்குவார்கள். இதில் மணிக்கணக்கில் தாமதித்தாலும் உயிருக்கு ஆபத்து கூடுகிறது.

இங்கே எங்கள் பிழை ஒன்றையும் சொல்ல வேண்டும். அல்புமின் பாட்டிலுக்கு உதவி கேட்டு வந்தவரிடம், “சத்து மருந்துதானே, அவசியமா?” என்று நாங்கள் தயங்கினோம். பிறகுதான் படித்தோம். ஸ்பெயினில் 126 நோயாளிகளிடம் நடந்து 1999-இல் வெளியான ஆய்வில், ஆன்டிபயாடிக்குடன் அல்புமினும் ஏற்றியவர்களுக்குச் சிறுநீரகக் கோளாறு 33 சதவீதத்திலிருந்து 10 ஆகவும், ஆஸ்பத்திரி மரணம் 29 சதவீதத்திலிருந்து 10 ஆகவும் குறைந்தது. அந்த ஆய்வின் கணக்குப்படி 60 கிலோ எடையுள்ளவருக்கு முதல் நாள் 90 கிராம், மூன்றாம் நாள் 60 கிராம். இருபது கிராம் பாட்டிலாக எண்ணினால் ஏழரை வருகிறது. ஏழைக் குடும்பம் தாங்கும் செலவா இது?

மெடிக்கலில் தானாக ஆன்டிபயாடிக் வாங்கித் தின்னும் பழக்கத்துக்கும் இதில் பங்கு உண்டு. பல நாடுகளில் 1302 சிரோசிஸ் நோயாளிகளிடம் நடத்தி 2019-இல் வெளியான ஆய்வில், பல மருந்துகளுக்கு அடங்காத கிருமிகள் ஆசியாவில், குறிப்பாக இந்தியாவில்தான் மிக அதிகம். வலி மாத்திரையும் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபன் இரண்டும் இவர்களின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். தினமும் விழுங்கும் ‘கேஸ் மாத்திரை’ இன்னும் தேவையா என்றும் கேளுங்கள். அது தொற்றுக்கு வழிவிடலாம். பத்தியம் என்று கறி, முட்டையை நீங்களாக நிறுத்தாதீர்கள். மெலிந்த உடம்பில் கிருமி எளிதில் ஏறும்.

நோய் விசாரிக்கப் போவது சுன்னத்தான நல்ல காரியம். ஆனால் வேன் பிடித்து மதுரைக்குப் பன்னிரண்டு பேர் போய்க் கட்டிலைச் சுற்றி நிற்பது வேண்டாம். இரண்டு பேர் போங்கள்; உள்ளே நுழையும்போதும் வெளியே வரும்போதும் கையைக் கழுவுங்கள். சளி, இருமல் உள்ளவர் வீட்டிலிருந்தே துஆ செய்யட்டும். அல்புமின் எழுதிய டாக்டர் சீட்டு இருந்தால் மாதக் கூட்டத்துக்குக் காத்திருக்காமல் அன்றே அலுவலகத்துக்குக் கொண்டு வாருங்கள். இன்ஷா அல்லாஹ், அன்றே பார்ப்போம்.