பூஞ்சை என்ற பெயர் போதுமா?

மாணவர்களே, மழை ஓய்ந்த பிறகு மட்கிய மரக்கட்டையில் மஞ்சள் நிறக் கூழ் போன்ற ஒன்று படர்ந்திருப்பதைப் பார்த்ததுண்டா? மறுநாள் அது சற்றுத் தள்ளி நகர்ந்திருக்கும். இதுதான் சளிப்பூஞ்சை. பெயரில் பூஞ்சை இருந்தாலும் இது பூஞ்சை அன்று.

முதலில் உண்மையான பூஞ்சையைப் பார்ப்போம். தெம்பேயில் சோயா அவரைகளைப் பிணைத்திருக்கும் வெண்ணிற இழைகள் பூஞ்சையே. இவ்விழைகள் நொதிகளைச் சுரந்து, உணவை வெளியிலேயே செரித்து, பிறகு உறிஞ்சுகின்றன. இவற்றின் உயிரணுச் சுவரில் கைட்டின் உண்டு. இறால் ஓட்டில் இருப்பதும் இதே பொருள்தான்.

சளிப்பூஞ்சை வேறு விதம். அந்த மஞ்சள் கூழ் முழுவதும் ஒரே உயிரணு; அதற்குள் ஏராளமான உட்கருக்கள். உயிரணுச் சுவர் கிடையாது. அமீபாவைப் போல ஊர்ந்து, பாக்டீரியாக்களை விழுங்கி, உள்ளே செரிக்கிறது. 2000ஆம் ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர் தொஷியுகி நாகாகாகி குழுவினர், புதிர்ப்பாதை ஒன்றின் இரு முனைகளில் இதற்கு உணவு வைத்தனர். மூளையே இல்லாத இவ்வுயிரி, மிகக் குறுகிய வழியில் மட்டும் தன் உடலை நீட்டி இரண்டையும் இணைத்தது!

பிறகு ஏன் குழப்பம்? உணவு தீர்ந்ததும் இது குட்டிக் காளான்கள் போன்ற தண்டுகளை எழுப்பி, நுண்வித்துகளைப் பரப்பும். 1969இல் ஐந்துலக வகைப்பாட்டை வெளியிட்ட விட்டேக்கரும் இதைப் பூஞ்சை உலகிலேயே சேர்த்திருந்தார். பின்வந்த மரபணு ஆய்வுகள்தாம் இது அமீபாக்களின் உறவு என்று காட்டின. பூஞ்சைகளோ தாவரங்களைவிட விலங்குகளுக்கே நெருக்கமானவை.

எந்தப் பிரிவில் வைத்தால் என்ன என்று தோன்றலாம். டுரியான் மரத்தண்டை அழுகச் செய்யும் பைத்தோப்தோராவை எண்ணிப் பாருங்கள். அதுவும் பூஞ்சை போலவே இழை விடும். ஆனால் அது பழுப்புப் பாசிகளின் உறவு. அதன் உயிரணுச் சுவரில் கைட்டினைவிட செல்லுலோஸே முக்கியம். எனவே, பூஞ்சைக்கொல்லிகள் பல அதனிடம் பலிப்பதில்லை. தவறாக இனங்கண்டால் மருந்துச் செலவும் வீண், மரமும் பட்டுப்போகும்.

ஆகவே, தோற்றத்தை மட்டும் நம்பாமல் இரு கேள்விகள் கேளுங்கள். உணவை எப்படி உண்கிறது? உயிரணுச் சுவர் உண்டா, உண்டென்றால் அது எதனால் ஆனது?

சிந்திக்க: ஈஸ்ட் ஓர் உயிரணு மட்டுமே கொண்டது. ரொட்டி மாவில் அது இழை விடுவதில்லை. ஆயினும் அது பூஞ்சையே. ஏன்? விடையைக் குறிப்பேட்டில் எழுதிப் பாருங்கள்.