சொல்லில் தொடங்கிய எழுத்து

நுழையும்முன்

வீட்டில் நாள்தோறும் கதை கேட்டு வளர்கிறோம். அக்கதைகளைச் சொன்ன தாயும் பாட்டியும் மறைந்தபின் அவை எங்கே போகின்றன? எழுதத் தெரியாத ஒரு பெண் சொல்லச் சொல்ல, தோழி ஒருவர் எழுதினார். அந்தச் சிறு தொடக்கத்திலிருந்து 115 புதினங்களைப் படைத்த எழுத்தாளர் உருவானார். மனைவியாக, தாயாக, இதழாசிரியராக, விடுதலைப் போராட்ட வீரராக வாழ்ந்த அவருடைய வாழ்வை இப்பாடம் நினைவுகூர்கிறது.

படாளம் கூட்டுச்சாலையிலிருந்து சென்னை நோக்கிச் செல்லும் பெருவழியில் செங்கல்பட்டைக் கடந்தால் சிங்கப்பெருமாள் கோவில் வரும். அவ்வழியே மேலும் சென்றால் தாம்பரத்தை அடையலாம். இவ்விரண்டு ஊர்களோடும் வை.மு. கோதைநாயகி அம்மாளின் வாழ்வு பிணைந்துள்ளது. முன்னது, போர்க்காலத்தில் அவருக்குப் புகலிடம் தந்த ஊர். பின்னது, அவர் இறுதி மூச்சை விட்ட ஊர்.

இளமையும் இல்லறமும்

கோதைநாயகி 1901ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள் பிறந்தார். அவருடைய தந்தை, பழைய செங்கல்பட்டு மாவட்டத்து நீர்வளூரைச் சேர்ந்த குடும்பத்தினர். கைக்குழந்தையாக இருக்கும்போதே தாயை இழந்த கோதைநாயகி, உறவினர் அரவணைப்பில் வளர்ந்தார். அக்கால வழக்கப்படி ஐந்தரை வயதிலேயே வை.மு. பார்த்தசாரதிக்கு மணம் முடிக்கப்பட்டார். பள்ளிக்குச் சென்று பயிலும் வாய்ப்பு அவருக்குக் கிட்டவில்லை.

புகுந்த வீடு அவருடைய அறிவுக்குக் கதவடைக்கவில்லை. மாமியார் அவருக்குத் தெலுங்கு கற்பித்தார். நாடகத்தில் ஈடுபாடு கொண்ட கணவர் அவரையும் நாடகங்களுக்கு அழைத்துச் சென்றார். அக்கம்பக்கத்துக் குழந்தைகளுக்குக் கதை சொல்வதில் கோதைநாயகி வல்லவராக விளங்கினார். மேடையில் கண்டதும் செவியால் கேட்டதும் அவர் உள்ளத்தில் புதுக்கதைகளாக உருக்கொண்டன. ஆயினும், அவற்றைத் தாளில் எழுதும் பயிற்சி அவருக்கு இல்லை.

தோழியின் கை

இங்கேதான் பட்டம்மாள் என்னும் தோழி துணை நின்றார். கோதைநாயகி சொல்லச் சொல்ல, அவர் எழுதினார். அவ்வாறு உருவான 'இந்திர மோகனா' என்னும் நாடகம் 1924ஆம் ஆண்டு வெளிவந்தது. பின்னர் அத்தோழியிடமே தமிழ் எழுதக் கற்றுக்கொண்டார் கோதைநாயகி. அடுத்து அவர் எழுதத் தொடங்கிய 'வைதேகி' என்னும் புதினத்துக்கு, அந்நாளில் புகழ்பெற்றிருந்த எழுத்தாளர் வடுவூர் துரைசாமி ஐயங்கார் ஊக்கமளித்தார்.

எழுதுகோல் பிடித்த கை ஒன்று. கதை பிறந்த உள்ளம் மற்றொன்று. இவ்விரண்டும் ஒருநாள் சந்தித்திராவிட்டால், அடுப்பங்கரையிலும் திண்ணையிலும் சொல்லப்பட்டுக் காற்றோடு கரைந்த எண்ணற்ற கதைகளுள் அவருடைய கதைகளும் சேர்ந்திருக்கும்.

ஜகன்மோகினி

1925ஆம் ஆண்டு, 'ஜகன்மோகினி' என்னும் இதழை விலைக்கு வாங்கித் தாமே அதன் ஆசிரியரானார் கோதைநாயகி. பெண்கள் வெளியுலகில் தலைகாட்டுவதையே குறை கூறிய காலம் அது. அத்தகைய காலத்தில் ஒரு பெண் இதழ் நடத்துவது எளிதன்று. ஏறத்தாழ 35 ஆண்டுகள் அவர் அப்பணியில் தளராது நின்றார். பெண்கல்வி, கைம்பெண் மறுமணம், மதுவிலக்கு ஆகியவற்றைக் கதைகளின் வழியே இல்லங்களுக்குள் கொண்டு சேர்த்தார். வாசகர்கள் அவரை 'நாவல் ராணி' எனப் போற்றினர். இசையிலும் மேடைப்பேச்சிலும் அவர் சிறந்து விளங்கினார். அவருடைய 'அனாதைப் பெண்' என்னும் புதினம் 1938ஆம் ஆண்டு திரைப்படமாக வெளிவந்தது.

நாட்டுப்பணி

1925ஆம் ஆண்டு காந்தியடிகள் சென்னைக்கு வந்தபோது கோதைநாயகி அவரைச் சந்தித்தார். அதன்பின் பட்டையும் பகட்டான அணிகளையும் துறந்து கதர் உடுத்தினார். 1930களின் தொடக்கத்தில் கள்ளுக்கடை மறியலில் பங்கேற்றுச் சிறை சென்றார். சிறையிலும் அவருடைய எழுதுகோல் ஓயவில்லை. 'சோதனையின் கொடுமை' என்னும் புதினம் அங்கே உருவானது. அவர் சிறையிலிருந்த காலத்தில் ஜகன்மோகினி தடையின்றி வெளிவரக் கணவர் பார்த்தசாரதி பொறுப்பேற்றார். மனைவி சிறையில் எழுத, கணவர் வெளியே அவருடைய இதழைக் காத்த இக்காட்சி, இல்லறம் என்பது ஒருவர் பணியை மற்றவர் தாங்குவது என்பதை உணர்த்துகிறது.

இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் சென்னை மக்கள் பலர் அச்சத்தால் நகரை விட்டு வெளியேறினர். கோதைநாயகியின் குடும்பம் சிங்கப்பெருமாள் கோவிலுக்குக் குடிபெயர்ந்தது. தாளுக்குத் தட்டுப்பாடு, விலையோ ஏற்றம். அந்நிலையிலும் சொத்துகளை விற்று இதழை நடத்தினார். பெருநகரில் பிறந்த ஜகன்மோகினிக்கு ஒரு சிற்றூர் உயிர் கொடுத்தது.

தாயின் துயர்

போரையும் சிறையையும் வறுமையையும் தாங்கிய அவ்வுள்ளம், ஓர் இழப்பைத் தாங்க இயலாது துவண்டது. 1956ஆம் ஆண்டு அவருடைய ஒரே மகன் சீனிவாசன் மறைந்தார். அத்துயரால் தாயின் உடல் நலிவுற்றது, காசநோயும் பற்றியது. தாம்பரத்தில் காசநோயாளர்க்கென 1928ஆம் ஆண்டு தோன்றிய மருத்துவமனையில் சிகிச்சை பெற்றுவந்த அவர், 1960ஆம் ஆண்டு பிப்ரவரி 20ஆம் நாள் இயற்கை எய்தினார்.

எவ்வாறு நினைவுகூர்வது?

ஒரு தாயை நினைவுகூரும்போது அவருடைய அன்பையும் உழைப்பையும் பேசுகிறோம். அவருடைய கற்பனையைப் பேச மறந்துவிடுகிறோம். வாசலில் நாளொரு கோலம் இடுபவரும், குழந்தையின் பெயரை இணைத்துத் தாலாட்டுக் கட்டுபவரும், பழங்கதைக்குப் புதுமுடிவு சொல்பவரும் படைப்பாளரே. கோதைநாயகிக்கு ஒரு தோழியும், துணைநின்ற கணவரும், கற்பித்த மாமியாரும் வாய்த்தனர். அத்தகைய துணை வாய்க்காத பெண்களின் படைப்புகளே மிகுதி.

படாளத்திலிருந்து சென்னை வரை அவ்வழியே உள்ள ஒவ்வொரு வீட்டிலும் சொல்லப்பட்டும் எழுதப்படாத கதைகள் இருக்கின்றன. சொல்பவர் உயிரோடு இருக்கும்போதே அவற்றைக் கேட்டு எழுதுதல் வேண்டும். பட்டம்மாள் செய்த பணி அதுவே. எழுதக் கற்ற நம் ஒவ்வொருவருக்கும் உரிய கடமையும் அதுவே.

கற்பவை கற்றபின்

1. உங்கள் தாய் அல்லது பாட்டி சொல்லும் கதை ஒன்றையோ பாடல் ஒன்றையோ அவர் சொன்னபடியே எழுதி, அவர் பெயருடன் வகுப்பில் படித்துக் காட்டுக.

2. 'எழுதுகோல் பிடித்த கை ஒன்று. கதை பிறந்த உள்ளம் மற்றொன்று' – இக்கூற்றைக் கோதைநாயகியின் வாழ்வுவழி விளக்குக.

3. ஒருவரின் படைப்பாற்றல் மலரக் குடும்பம் எவ்வாறு துணைநிற்க வேண்டும்? குழுவாகக் கலந்துரையாடுக.