கை கால் எரிச்சல்: ஓர் அரிய நோயும் சுகாதாரப் பணியும்

"கால் எரிகிறது" என்பது நம் மருத்துவமனைகளில் அன்றாடம் கேட்கும் முறையீடு. நீரிழிவு நோயில் நரம்புகள் பழுதுபடுவதே இதற்கு முக்கிய காரணம். ஊட்டச்சத்துக் குறைவும் ஒரு காரணமாகும். அக்குறைவால் வரும் கால் எரிச்சலைப் பற்றி டாக்டர் சி. கோபாலன் 1946-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார். ஆயினும், இதே முறையீட்டுடன் வரும் ஒரு சிலரிடம் வேறொரு நோய் மறைந்திருக்கலாம். அதுவே எரித்ரோமெலால்ஜியா.

செந்நிறம், அவயவம், வலி எனப் பொருள்படும் மூன்று கிரேக்கச் சொற்களைச் சேர்த்து, 1878-ல் அமெரிக்க மருத்துவர் வேய்ர் மிட்செல் இப்பெயரைச் சூட்டினார். பெரும்பாலும் பாதங்களும், சில வேளைகளில் கைகளும் சிவந்து, சூடேறி, தீயில் இட்டாற்போல் எரியும். வெப்பம், நடை, நெடுநேரம் நிற்றல் ஆகியவை வலியைத் தூண்டும், குளிர்ச்சி தணிக்கும். தோலின் வெப்பம் ஏறக்குறைய 32 முதல் 36 டிகிரி செல்சியசை எட்டும்போது பலருக்கு வலி தொடங்குகிறது. திருவனந்தபுரம் போன்ற வெப்பமும் ஈரப்பதமும் மிக்க கடற்கரை நகரில் இந்நோயாளியின் அன்றாட வாழ்வு எவ்வளவு கடினமானது என்பதை இதிலிருந்து உணரலாம்.

இரு வகைகள்

முதல் வகை பிறவியிலேயே அமைவது. வலியை உணர்த்தும் நரம்புகளில் சோடியம் அயனிகள் உட்புகும் வாயில்கள் உள்ளன. அவற்றுள் ஒன்றை அமைக்கும் எஸ்சிஎன்9ஏ என்னும் மரபணுவில் ஏற்படும் மாற்றத்தால், அவ்வாயில் சிறு தூண்டுதலுக்கும் திறந்துகொள்கிறது. இம்மரபணுவின் தொடர்பு 2004-ல் சீன நோயாளிகளை ஆராய்ந்தபோது தெரியவந்தது. இரண்டாவது வகை வேறொரு நோயின் விளைவு. இரத்தத் தட்டணுக்களோ சிவப்பணுக்களோ அளவு மீறிப் பெருகும் நோய்களில் இது தோன்றலாம். அந்நிலையில், கால் எரிச்சலே அந்த இரத்த நோயின் முதல் அறிகுறியாக அமைவதும் உண்டு.

எனவே, பாதம் சிவந்து எரியும் நோயாளிக்கு இரத்த அணுக்களின் முழு எண்ணிக்கைப் பரிசோதனை இன்றியமையாதது. இது எளிய, செலவு குறைந்த பரிசோதனை. தட்டணுப் பெருக்கத்தால் வரும் எரிச்சல், மருத்துவர் தரும் சிறிதளவு ஆஸ்பிரினிலேயே பெரும்பாலும் தணிந்துவிடும். பிறவி வகைக்கு அது போதிய பயன் தருவதில்லை. டெங்கு பரவும் பகுதிகளில் ஆஸ்பிரினைத் தாமாகவே வாங்கி உண்பது ஆபத்தானது.

கவனிக்க வேண்டியவை

வலி தாளாமல் பலர் பாதங்களை மணிக்கணக்கில் பனிக்கட்டி நீரில் அமிழ்த்துகின்றனர். இதனால் தோல் ஊறிச் சிதைந்து, புண்ணாகி, கிருமித் தொற்றுக்கும் இடமளிக்கிறது. மின்விசிறிக் காற்று, காலைச் சற்று உயர்த்தி வைத்தல், காற்றோட்டமுள்ள செருப்பு ஆகியவையே பாதுகாப்பானவை. சுகாதாரப் பணியாளர்கள் இதை வீடுதோறும் எடுத்துரைக்க வேண்டும்.

அரிய நோய்களுக்கான தேசியக் கொள்கை 2021-ல் வகுக்கப்பட்டது. அதன்கீழ் அமைந்த உயர் சிறப்பு மையங்களுள் திருவனந்தபுரம் எஸ்.ஏ.டி. மருத்துவமனையும் ஒன்று. 2024-ல் கேரள அரசு அரிய நோய்களுக்கெனத் தனித் திட்டம் ஒன்றையும் தொடங்கியது. எனினும், உயர் மையத்தின் கதவு திறப்பது கிராமத்துச் சுகாதார நிலையத்தில்தான். நோயாளியின் காலைத் தொட்டுப் பார்த்து, "எப்போது எரிகிறது? எதனால் தணிகிறது? குடும்பத்தில் வேறு எவருக்கேனும் உண்டா?" என அங்குள்ள மருத்துவர் கேட்கும் மூன்று கேள்விகளே, பல ஆண்டுத் துன்பத்திற்கு விடை காணும் வழியைக் காட்டக்கூடும்.