முதலில் வெயில், பிறகு தீனி

கேள்வி: மகனின் பத்தாவது பிறந்தநாளுக்கு ஒரு பியர்டட் டிராகன் பல்லிக் குட்டி வாங்கிக் கொடுத்தோம். வாங்கியபோது எட்டு வாரக் குட்டி. வந்து மூன்று வாரம் ஆகிறது. முதல் வாரம் கிரிக்கெட் பூச்சிகளை ஓடி ஓடிப் பிடித்துத் தின்றது. இப்போது ஐந்து நாளாக எதையும் தொடவில்லை. உடம்பு கறுத்துப் போய், வயிற்றில் கோடு கோடாகத் தெரிகிறது. கண்ணைப் பாதி மூடிக்கொண்டு மூலையிலேயே கிடக்கிறது. சிரிஞ்சில் கூழ் ஊட்டச் சொல்கிறார்கள் சிலர். இது குளிர்கால உறக்கம், தொந்தரவு செய்யாதீர்கள் என்கிறார்கள் வேறு சிலர். வீட்டு ஹீட்டர் 22 டிகிரியில் ஓடுகிறது, கண்ணாடித் தொட்டியில் விளக்கும் இருக்கிறது. மகன் பள்ளிக்கூடம் போக மாட்டேன் என்கிறான். நான் என்ன செய்ய வேண்டும்?
– வாசகி, மெல்பர்ன்

பதில்: இன்றைக்கு அதன் வாயைத் திறக்காதீர்கள். பட்டினி கிடக்கும் குட்டியைப் பார்த்தால் எதையாவது ஊட்டிவிட வேண்டும் என்று மனம் பதறும். தாய்மை உள்ள எவருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் இந்த உயிருக்கு அந்த அவசரமே ஆபத்தாக முடியலாம். முதலில் சூடு, அடுத்து நீர், அதன் பிறகே தீனி. ஊர்வனவற்றுக்கு வைத்தியம் பார்ப்பவர்கள் கடைப்பிடிக்கும் வரிசை இதுதான். காரணம் புரிந்துவிட்டால், நாலு பேர் நாலு விதமாகச் சொல்லும்போது எதைக் கேட்பது, எதை விடுவது என்று நீங்களே முடிவு செய்துகொள்ளலாம்.

நம் ஊர் வேலிகளில் தலையை ஆட்டிக்கொண்டு நிற்கும் ஓணானும் உங்கள் வீட்டுக் குட்டியும் அகாமிடே என்ற ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை. காலை வெயில் ஏறும்வரை ஓணான் வேலியை விட்டு இறங்காது. இரை தேடக் கிளம்புமுன் அது வெயிலில் தன் உடம்பைக் காய்ச்சிக்கொள்கிறது. நமக்குச் சூடு சாப்பாட்டிலிருந்து உள்ளேயே பிறக்கிறது. அதற்கோ வெளியிலிருந்து வந்தாக வேண்டும். பியர்டட் டிராகன் உள் ஆஸ்திரேலியாவின் வறண்ட நிலத்து உயிர். விக்டோரியாவின் வடமேற்கு மூலையிலும் காட்டில் வாழ்கிறது. ஆனால் அந்த மண்ணின் வெயிலுக்கும் மெல்பர்னின் ஜூலை மாதக் குளிருக்கும் சம்பந்தமே இல்லை. விழித்துத் திரியும் நேரத்தில் அது தன் உடம்பை ஏறத்தாழ 35 டிகிரியில் வைத்துக்கொள்ளப் பார்க்கும். உங்கள் கூடத்தின் 22 டிகிரி உங்களுக்கு இதம். அதற்கோ செரிமானம், இரத்த ஓட்டம், நோய் எதிர்ப்பு எல்லாம் மந்தமாகிவிடும் குளிர். அந்த நிலையில் கூழை உள்ளே தள்ளினால் அது செரிக்காமல் குடலிலேயே கிடந்து அழுகும். இன்னொரு ஆபத்தும் உண்டு. குட்டியின் வாய்க்குள் பார்த்தால் நாக்கின் அடிப்பக்கம் ஒரு சின்னத் துளை திறந்து மூடுவது தெரியும். மூச்சு போகும் வழி அதுதான். சோர்ந்து தொய்ந்த குட்டிக்குச் சரியாக விழுங்க வராது. ஒரு சொட்டுக் கூழ் அந்தத் துளைக்குள் இறங்கினாலும் நுரையீரல் கெடும்.

உடம்பு கறுத்திருப்பதாக எழுதியிருக்கிறீர்கள். குளிரும்போது இந்த இனம் தன் முதுகைக் கறுப்பாக்கிக்கொள்ளும், வெளிச்சத்தின் சூட்டை அதிகம் உறிஞ்சுவதற்காக. பயத்திலும் வலியிலும்கூட நிறம் மாறும், வயிற்றுக் கோடுகள் எழும். ஆகவே நிறத்தை வைத்து மட்டும் எதையும் தீர்மானிக்க முடியாது. ஆனால் கறுப்பும், பாதி மூடிய கண்ணும், ஐந்து நாள் பட்டினியும் சேர்ந்து வரும்போது முதலில் சோதிக்க வேண்டியது தொட்டியைத்தான்.

விளக்கு இருக்கிறது என்கிறீர்கள். விளக்கு இருக்கிறதா என்பதைவிட, அதன் அடியில் குட்டி படுக்கும் கல்லோ கட்டையோ எத்தனை டிகிரி என்பதே கேள்வி. கண்ணாடியில் ஒட்டும் வட்ட தெர்மாமீட்டர் அந்தக் கண்ணாடியின் சூட்டைத்தான் சொல்லும். கையில் பிடித்துக் குறிவைத்து அளக்கும் இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டர் ஒன்று வாங்குங்கள், அதிக விலையில்லை. விளக்கு எரியத் தொடங்கி ஒரு மணி நேரம் கழித்து, குட்டி படுக்கும் இடத்தில் அந்தக் கட்டையை அளந்து பாருங்கள். இளங்குட்டிக்கு அது 40 முதல் 42 டிகிரி இருக்க வேண்டும். தொட்டியின் மறுமுனை 25 முதல் 28-க்குள் இருக்கட்டும். சுட்டால் விலகிப் போக ஓர் இடம் எப்போதும் வேண்டும். முழுத் தொட்டியையும் கொதிக்க வைத்தால் பலவீனமான குட்டி தப்பிக்க வழியின்றி இறந்துவிடும். இரவில் வெளிச்சமே வேண்டாம், சிவப்பு பல்புகூட வேண்டாம். அதன் உச்சந்தலையில் வெளிச்சத்தை உணரும் மூன்றாவது கண் ஒன்று இருக்கிறது, இருட்டு அதற்குத் தெரிய வேண்டும். இரவில் தொட்டி 20 டிகிரிக்குக் கீழே போனால் வெளிச்சம் தராத பீங்கான் ஹீட்டரைத் தெர்மோஸ்டாட்டோடு மாட்டுங்கள். சூடேறும் செயற்கைப் பாறை என்று விற்பதை மட்டும் வாங்காதீர்கள். வயிறு வெந்துபோன பிறகும் அதன்மேலேயே படுத்திருக்கும் இயல்பு ஓணான் சாதிக்கு உண்டு. சூட்டை மேலிருந்து தேடிப் பழகிய உடம்பு அது.

சூடு ஒரு பாதிதான். மறுபாதி யூ.வி.பி. என்னும் புற ஊதாக் கதிர். ஏறத்தாழ 290 முதல் 315 நானோமீட்டர் வரை அலைநீளமுள்ள இந்தக் கதிர் தோலில் பட்டால்தான் வைட்டமின் டி3 உண்டாகும். அது இல்லாமல் குடல் கால்சியத்தை எடுத்துக்கொள்ளாது. வாரந்தோறும் வளரும் பதினோரு வாரக் குட்டிக்குக் கால்சியம் குறைந்தால் உடம்பு தன் எலும்பையே கரைத்து இரத்தத்துக்குக் கொடுக்கும். கிரிக்கெட் பூச்சியில் கால்சியத்தைவிடப் பாஸ்பரஸ் பல மடங்கு அதிகம் என்பதால் பூச்சி மட்டுமே தின்னும் குட்டிக்கு இந்தக் கேடு சீக்கிரம் வரும். டி3 கலந்த கால்சியம் பவுடரைத்தான் தூவுகிறோமே, பிறகு விளக்கு எதற்கு என்று பலரும் கேட்கிறார்கள். நியாயமான கேள்விதான். இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், பியர்டட் டிராகன் குட்டிகளில் ஒரு பிரிவுக்கு யூ.வி.பி. வெளிச்சமும் மற்றொன்றுக்கு வாய்வழி டி3-யும் கொடுத்தார்கள். வெளிச்சத்தில் வளர்ந்தவற்றின் இரத்தத்தில் வைட்டமின் டி அளவு மற்றவற்றைவிடப் பத்து மடங்குக்கும் மேல் இருந்தது. பவுடர் துணைக்கு நல்லதுதான், ஆனால் விளக்கின் இடத்தை அதனால் நிரப்ப முடியாது.

யூ.வி.பி. குழல் விளக்கு ஒன்று ஏற்கெனவே இருந்தால் அதன் வயதைப் பாருங்கள். கண்ணுக்குப் பளிச்சென்று எரிந்துகொண்டே இருக்கும், கதிர் மட்டும் மாதக்கணக்கில் தேய்ந்திருக்கும். ஆறு மாதம் முதல் ஒரு வருடத்துக்குள் வகைக்கேற்ப மாற்ற வேண்டியிருக்கும். தொட்டிக்கும் விளக்குக்கும் நடுவே கண்ணாடியோ பிளாஸ்டிக்கோ இருந்தால் கதிர் உள்ளே வராது. நெருக்கமான கம்பிவலைகூடக் கணிசமாகத் தடுக்கும். ஜன்னலோரம் வைத்தால் வெயில் படுமே என்று நினைப்பதும் இதே காரணத்தால் பயன் தராது, ஜன்னல் கண்ணாடியும் கண்ணாடிதானே. குட்டியின் கால்விரல்கள் துடிக்கின்றனவா, தாடை ரப்பர் போல வளைகிறதா, நடக்கும்போது வயிறு தரையில் இழுபடுகிறதா என்று கவனியுங்கள். இதில் ஒன்று இருந்தாலும் எலும்பு நோய் தொடங்கிவிட்டது என்று பொருள். அதற்கு விளக்கு மட்டும் போதாது. மருத்துவர் கையால் கால்சியம் போக வேண்டும்.

இங்கே ஒரு தடை எழும். நோய் கிருமியால் வந்திருந்தால் சூடு என்ன செய்யும்? கிருமிக்கும் அந்தச் சூடு இதம்தானே? இந்தக் கேள்விக்கு ஐம்பது வருடத்துக்கு முன்பே விடை கிடைத்திருக்கிறது. மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேத்யூ க்ளுகரும் சக ஆய்வாளர்களும் பாலைவன இக்வானாக்களுக்குப் பாக்டீரியாவை ஏற்றிப் பார்த்தார்கள். அவை தாங்களாகவே வெப்பமான இடத்துக்கு நகர்ந்து, உடம்புச் சூட்டை வழக்கத்தைவிட ஏறத்தாழ 2 டிகிரி உயர்த்திக்கொண்டன. நம் உடம்பு உள்ளுக்குள் செய்யும் காய்ச்சலை அவை காலால் நடந்து போய்ச் செய்தன. 1975-இல் வெளியான அடுத்த கட்ட ஆய்வில், உயிருள்ள பாக்டீரியா ஏற்றப்பட்ட இக்வானாக்களை வெவ்வேறு வெப்பநிலைகளில் அடைத்து வைத்தார்கள். குறைந்த சூட்டில் இருந்தவை அதிகமாக இறந்தன, 40 டிகிரியை ஒட்டி இருந்தவை அதிகமாகப் பிழைத்தன. வேறு இனம்தான், ஆனால் வெளிச்சூட்டை நம்பி வாழும் பகற்பல்லி என்ற அடிப்படை இரண்டுக்கும் பொது. ஆகவே கிருமித் தொற்று இருந்தால் சூடு இன்னும் அவசியமாகிறது. மருத்துவர் கொடுக்கும் மருந்தும் சூடான உடம்பில்தான் ஒழுங்காக வேலை செய்யும். உங்கள் குட்டி நடந்து போய்ச் சூட்டைத் தேடும் தெம்பில் இல்லை என்று தோன்றுகிறது. கட்டையின் ஓரத்தில், 35 டிகிரி அளவுள்ள இடத்தில் நீங்களே எடுத்து வையுங்கள். பக்கத்திலேயே இருந்து பாருங்கள். வாயைத் திறந்தபடி இருந்து நகரவும் முடியாமல் கிடந்தால் உடனே குளிர்ந்த பக்கம் மாற்றுங்கள்.

குளிர்கால உறக்கம் என்று சொன்னவர்கள் முழுப் பொய் சொல்லவில்லை. வளர்ந்த பியர்டட் டிராகன்கள் குளிர் மாதங்களில் வாரக்கணக்கில் தூங்குவது உண்மை. ஆனால் அவை நன்றாகத் தின்று, வாலடியில் கொழுப்பு சேர்த்துவைத்த பிறகு தூங்குகின்றன. பதினோரு வாரக் குட்டியிடம் அப்படிச் சேமிப்பு எதுவும் இல்லை. ஒரு வயதுக்குள் இருக்கும் குட்டி மந்தமாகக் கிடந்தால் அதை நோயாகவே எடுத்துக்கொள்ள வேண்டும். உறங்கும் பெரிய பிராணியின் எடை அதிகம் குறையாது, நோயில் கிடக்கும் குட்டியின் எடை நாளுக்கு நாள் இறங்கும். சமையலறையில் மாவு நிறுக்கும் டிஜிட்டல் தராசு போதும். ஒரு டப்பாவில் வைத்து, தினமும் காலையில் கிராம் கணக்கில் எடை பாருங்கள். 20 கிராம் குட்டி 2 கிராம் இழந்தால் உடம்பில் பத்தில் ஒரு பங்கு போய்விட்டது.

சூடு ஏறி, சில மணி நேரத்தில் கண் திறந்து தலை தூக்கினால் அடுத்தது நீர். கண் குழி விழுந்து, தோலை லேசாகக் கிள்ளினால் மடிப்பு அப்படியே நின்றால் உடம்பு வறண்டிருக்கிறது. மூக்கின் நுனியில் ஒவ்வொரு சொட்டாக விடுங்கள், தானே நக்கும். நக்காவிட்டால் விட்டுவிடுங்கள், வாய்க்குள் பீய்ச்ச வேண்டாம். ஆழம் தோளுக்கு மேல் வராத வெதுவெதுப்பான நீரில் பத்து நிமிடம் நிறுத்தலாம், கையை எடுக்காமல். பல குட்டிகள் அதில் கழிக்கும், சில குடிக்கும். துடைத்து மறுபடி சூட்டுக்குக் கொண்டுபோங்கள். மறுநாளும் சுறுசுறுப்பாக இருந்தால் கால்சியம் தூவிய பூச்சிகள் இரண்டு மூன்றை மட்டும் விடுங்கள். அதன் இரண்டு கண்களுக்கும் இடையே உள்ள தூரத்தைவிடப் பூச்சி பெரிதாக இருக்கக் கூடாது. தின்னாத பூச்சியை இரவில் உள்ளே விடாதீர்கள், சோர்ந்த குட்டியின் விரலையும் வாலையும் அவை கடிக்கும்.

இத்தனையும் சரி செய்தும் தேறாத குட்டிகள் உண்டு என்பதை மறைக்க மாட்டேன். இந்த இனத்துக் குட்டிகளைத் தாக்கும் ஓர் அடினோவைரஸ் இருக்கிறது, அதற்கு நேரடி மருந்து கிடையாது. குடலில் காக்சிடியா என்ற ஒட்டுண்ணி பெருகினால் நாற்றமடிக்கும் நீர்த்த கழிவு வரும், அதற்கு மருந்து உண்டு. மணலையோ பெரிய பூச்சியையோ விழுங்கிக் குடல் அடைத்திருந்தால் பின்னங்கால்கள் இழுத்துக்கொள்ளும். இவற்றை வீட்டில் பிரித்தறிய முடியாது. எனவே சூட்டைச் சரி செய்வதும் மருத்துவரை அழைப்பதும் ஒரே நாள் வேலை. ஒன்று பலிக்கிறதா என்று பார்த்துவிட்டு மற்றதைச் செய்யக் காத்திருக்காதீர்கள். சின்ன உடம்புக்கு ஐந்து நாள் பட்டினி நீண்டதுதான். நாய், பூனை மட்டும் பார்க்கும் மருத்துவர் போதாது. ஊர்வன பார்ப்பவரா என்று கேட்டு நேரம் வாங்குங்கள். கட்டணம் குட்டியின் விலையைவிட அதிகமாகும் என்று யாராவது சொல்லக்கூடும், அது உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் விலைக்கு வாங்கியதோடு பொறுப்பு முடிந்துவிடுவதில்லை. பிழைக்காது என்று தெரிந்தால்கூட, வலியில்லாமல் அனுப்பி வைக்கவும் அவர்தான் வேண்டும்.

போகும் வழியில் காரிலும் குளிரக் கூடாது. வெந்நீர்ப் பாட்டிலைத் துண்டில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்து, மேலே காற்றுக்கு இடம் விடுங்கள். அன்றைய கழிவு இருந்தால் சின்ன டப்பாவில் எடுத்துப் போங்கள். தொட்டியின் படமும் விளக்கின் அட்டைப்பெட்டியும் வேண்டும், மருத்துவர் பெட்டியிலுள்ள எண்ணைப் பார்த்தே பாதி விஷயத்தைச் சொல்லிவிடுவார். உங்கள் மகனிடம் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். காலை எடை, கட்டையின் சூடு, குளிர்ந்த பக்கத்தின் சூடு, குடித்ததா, கழித்ததா – இவற்றை அவன் கையால் எழுதட்டும். அதைப் பள்ளிக்குப் போகுமுன் ஒரு முறையும், வந்த பிறகு ஒரு முறையும் எழுதினால் போதும். மருத்துவர் முதலில் கேட்கப் போவதும் அந்த எண்களைத்தான்.