பெயரழிந்த சில்லுகள்

பொம்மசந்திராத் தொழிற்பேட்டையில் மின்னணுப் பலகை செய்வோர் கையில் வரைபடம் உண்டு, பழுதான எம்.பி.3 பாட்டுக் கருவியைத் திறக்கும் மாணவருக்கோ அது எளிதிற் கிட்டாது. சில்லின் மேலுள்ள எழுத்தும் தேய்ந்திருந்தால் மாற்றுச் சில்லு வாங்குவது எங்ஙனம்? அண்டை அயலை நோக்குக.

மின்கலத்தைக் கழற்றிவிட்டு, ஹெட்போன் துளையிலிருந்து செல்லும் செப்புத் தடத்தை மல்டிமீட்டரால் தொடர்க. இடையிலே மின்தேக்கி இருக்கலாம்; அதைத் தாண்டிச் சேருமிடம் பெரும்பாலும் எண்களை ஒலியாக்கும் சில்லு. 2001-இல் வந்த முதல் ஐபாடில் அது வுல்ஃப்சன் நிறுவனத்தது. பருத்த கம்பிச்சுருளை ஒட்டியிருப்பது மின்னழுத்தத்தைச் சீர்செய்வது. குறுகிய ஓரம் இரண்டிலும் 24 கால்கள் உடையது, பாட்டுகள் உறையும் ஃபிளாஷ் நினைவகமாகலாம்.

0834 என நான்கு இலக்கம் கண்டதும் அதுவே பெயரென மகிழ வேண்டா! பெரும்பாலும் அது 2008-ஆம் ஆண்டின் 34-ஆம் வாரத்தில் செய்தது என்னும் குறிப்பே. அதைச் சொல்லி எஸ்.பி. சாலையிலே சில்லுக் கேட்டால் கடைக்காரர் நகைப்பார்.