உங்கள் கிணறு மாசடைந்தால்: சட்டத்தின் துணையை நாடுவது எப்படி?

யாழ்ப்பாணக் குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு இல்லை. குடிப்பதற்கும் தோட்டத்துக்கு இறைப்பதற்கும் நிலத்தடி நீரே கதி. நிலத்துக்குக் கீழே வேலியும் இல்லை. ஒரு வளவில் ஊறிய கழிவு அடுத்த வளவுக் கிணற்றுக்கும் போய்ச் சேரும். ஆகவே கிணறு மாசடைவது ஒரு வீட்டின் பிரச்சினை அல்ல, ஊரின் பிரச்சினை.

சுன்னாகத்தில் நடந்தது இதுதான். அங்குள்ள கிணறுகளில் எண்ணெய் கலந்தது தொடர்பாக, ஒரு சுற்றாடல் அமைப்பின் தலைவர் 2015இல் உயர் நீதிமன்றத்தில் அடிப்படை உரிமை மனு தாக்கல் செய்தார். தீர்ப்பு 2019 ஏப்ரலில் வந்தது. மாசுபடுத்தியவரே அதற்கான செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கையின்படி, அங்கு மின் நிலையம் நடத்திய தனியார் நிறுவனம் 2 கோடி ரூபாய் இழப்பீடு செலுத்தவேண்டும் என நீதிமன்றம் கட்டளையிட்டது. பாதிக்கப்பட்ட கிணற்றுக்காரர் ஒருவருக்கு உச்சத் தொகை 40,000 ரூபாய்.

வெற்றிதான். ஆனால் வழக்கு முடிய நான்கு ஆண்டுகள் சென்றன. அத்தனை காலமும் மக்கள் நல்ல தண்ணீருக்கு அலைந்தார்கள்.

பாதிப்பு வருமுன்னரே நீதிமன்றம் சென்றவர்களும் உண்டு. அநுராதபுர மாவட்டத்தின் எப்பாவலையில் பொஸ்பேற் அகழ்வதற்கு ஒப்பந்தம் செய்ய முயன்றபோது, அவ்வூரவர் ஏழு பேர் மனு தாக்கல் செய்தனர். உரிய ஆய்வும் சுற்றாடல் தாக்க மதிப்பீடும் முடியாமல் ஒப்பந்தம் செய்யக்கூடாது என்று 2000ஆம் ஆண்டில் தீர்ப்பாயிற்று. அவர்களுடைய வயல்களும் தோட்டங்களும் தப்பின.

எனவே மீள்குடியேறிய உங்கள் ஊரில் தண்ணீரின் நிறமோ மணமோ மாறினால் தாமதிக்க வேண்டாம்.

1. எழுதி வையுங்கள். மாற்றத்தைக் கண்ட திகதி, எத்தனை கிணறுகள், அருகில் என்ன தொழில் நடக்கிறது என்பவற்றைக் குறியுங்கள். படமும் எடுங்கள்.

2. எழுத்தில் முறையிடுங்கள். கிராம அலுவலர், பொதுச் சுகாதாரப் பரிசோதகர், மத்திய சுற்றாடல் அதிகாரசபை ஆகியோருக்குக் கடிதம் கொடுத்து, பிரதியில் திகதியுடன் கையொப்பம் பெறுங்கள். வாய்ப்பேச்சு நீதிமன்றத்தில் நிற்பது கடினம்.

3. அறிக்கையைக் கேளுங்கள். நீர்ப் பரிசோதனை முடிவைத் தர மறுத்தால், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் விண்ணப்பியுங்கள். தகவல் தருவதா இல்லையா என்ற தீர்மானம் 14 வேலை நாட்களுக்குள் எடுக்கப்படவேண்டும்.

4. ஒரு மாதத்தை மறக்காதீர்கள். அரச அதிகாரிகளின் செயலாலோ பாராமுகத்தாலோ உரிமை மீறப்பட்டால், அரசியலமைப்பின் 126ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் செல்லவேண்டும். அதே ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிட்டால், அங்கு விசாரணை நடக்கும் காலம் கணக்கில் சேராது. முறைப்பாட்டு இலக்கத்தையும், விசாரணை நடப்பதைக் காட்டும் கடிதத்தையும் கேட்டு வாங்கிப் பத்திரப்படுத்துங்கள்.

பணமில்லை என்று பின்வாங்க வேண்டாம். வருமானம் குறைந்தோருக்குச் சட்ட உதவி ஆணைக்குழு இலவசமாக உதவுகிறது. சுற்றாடல் வழக்குகளை ஏற்று நடத்தும் தொண்டு அமைப்புகளும் உள்ளன. அவர்கள் சட்டத்தரணியை ஏற்பாடு செய்வார்கள், பத்திரங்களைத் தயாரிப்பார்கள். ஆனால் எந்தக் கிணற்றில் எப்போது என்ன நடந்தது என்பதை ஊரவர்கள்தான் சொல்ல முடியும். வழக்குத் தொடுப்பதா, சமரசத்துக்கு இணங்குவதா என்ற முடிவும் உங்களுடையதே. விளங்காத எந்தப் பத்திரத்திலும் கையொப்பம் இடாதீர்கள். தமிழில் வாசித்து விளக்கும்படி கேளுங்கள்.

கூடிப் பேசுவதற்கு:
• எமது ஊரில் எத்தனை குடும்பங்கள் கிணற்று நீரைக் குடிக்கின்றன?
• கடிதங்களையும் அறிக்கைகளையும் யாருடைய பொறுப்பில் வைப்பது?
• அடுத்த கிராம அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் இதை யார் எடுத்துப் பேசுவது?