பாடம்: கடலில் மூழ்கிய எந்திரம்

கோல் மார்க்கெட்டிலிருந்து கரோல் பாக் வெகு தொலைவில் இல்லை. அங்குள்ள பட்டறைகளில் பழைய புல்லட் வண்டிகளின் எந்திரங்களைப் பிரித்துப் புதுப்பிப்பதை மாணவர் பலர் கண்டிருப்பர். அதே தொழில் தமிழகக் கடற்கரையிலும் உண்டு. அங்கே புதுப்பிக்கப்படுவது படகின் எந்திரம்.

படகின் பின்புறத்தில் வெளியே மாட்டப்படுவது வெளிப்பொருத்து எந்திரம். ஓலே எவின்ரூடு என்பவர் 1909இல் அமெரிக்காவில் இதனை விற்பனைக்குக் கொண்டுவந்தார். தென்னிந்தியக் கரைகளில் இது 1980களில் பரவியது. பாயையும் துடுப்பையும் நம்பியிருந்த மீனவர், காற்றில்லாத நாளிலும் கடலுக்குச் சென்று திரும்ப இயன்றது. இவ்வெந்திரங்களுள் பல மண்ணெண்ணெயில் ஓடுபவை. முதலில் பெட்ரோலில் இயக்கி, சூடேறிய பின்னரே மண்ணெண்ணெய்க்கு மாற்றுவர்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை தாக்கியது. கரையில் நின்ற படகுகள் சிதறின. எந்திரங்கள் உப்புநீரில் மூழ்கி மணலில் புதைந்தன. புதிய படகு கிடைத்தாலும் எந்திரமின்றிக் கடலுக்குச் செல்வது எங்ஙனம்? தென்னிந்திய மீனவர் சங்கங்களின் கூட்டமைப்பு, நாகப்பட்டினப் பகுதியில் எந்திரங்களைப் பழுதுநீக்கும் பணியை மேற்கொண்டது.

கடலில் மூழ்கிய எந்திரத்தை வெளியே எடுத்தவுடன் துரு விரைந்து பரவும். உப்பும் காற்றும் சேர்வதே காரணம். ஆகவே நேரம் அரிது. முதலில் நன்னீரால் கழுவ வேண்டும். ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி, சக்கரத்தைக் கையால் சுழற்றி நீரை வெளியேற்றி, உருளைக்குள் எண்ணெய் விட வேண்டும். உள்ளே மணல் இருப்பின் சுழற்றுதல் கூடாது. உருளையின் சுவர் கீறிவிடும். அத்தகைய எந்திரத்தை முழுவதும் பிரித்தே தூய்மை செய்வர். உடனே பிரிக்க இயலாவிடில், நன்னீர்த் தொட்டியில் மூழ்கவைத்துக் காப்பர். நீரில் கெட்ட பொருளை மீண்டும் நீரிலேயே வைப்பது வியப்பாகத் தோன்றும். காற்றுப் படாமல் தடுப்பதே அதன் நோக்கம்.

கீறல் விழுந்த உருளையைக் கடைந்து சற்றே அகலமாக்கி, அதற்கேற்ற பெரிய பிஸ்டனைப் பொருத்துவர். வேறுபாடு கால் அல்லது அரை மில்லிமீட்டர்தான். ஆயினும் தளர்ந்த எந்திரம் இழந்த வலிமையை மீண்டும் பெறும்.

அதனினும் மிகுந்த வேகம் வேண்டுவோர், உருளையின் தலைப்பகுதியைச் சீவி உள்ளழுத்தத்தை உயர்த்துவர். பந்தயப் படகிற்கு அது பொருந்தலாம். மீன்பிடி படகிற்குப் பொருந்தாது. மிகுந்த அழுத்தத்தில் மண்ணெண்ணெய் உரிய கணத்திற்கு முன்பே தானாகப் பற்றிக்கொள்ளும்; பிஸ்டன் சிதையும். நடுக்கடலில் அவ்வாறு நேர்ந்தால் அருகில் பட்டறை ஏது? தேர்ந்த மெக்கானிக் முதலில் நோக்குவது சுழல்விசிறியையே. வலையும் மீனும் சுமக்கும் வள்ளத்திற்குச் சாய்வு குறைந்த இலைகளும், எடை குறைந்த படகிற்குச் சாய்வு மிகுந்த இலைகளும் ஏற்றவை. விசிறியை மாற்றியதுமே, சுமையால் திணறிய வள்ளம் இயல்பாக ஓடுவதுண்டு.

சொற்பொருள்: ஆழிப்பேரலை – சுனாமி, எங்ஙனம் – எவ்வாறு, வள்ளம் – மீன்பிடி படகு வகை.

பயிற்சி
1. மணல் புகுந்த எந்திரத்தை ஏன் சுழற்றக் கூடாது?
2. ‘அழுத்தம்’, ‘சாய்வு’ ஆகிய சொற்களை வாக்கியத்தில் அமைத்து எழுதுக.
3. உமது பகுதியில் உள்ள பட்டறை ஒன்றைக் கண்டு, அங்கு நடைபெறும் பணியை ஐந்து வரிகளில் எழுதுக.